வெண்ணெய் உருகும் ஊரில் வெனிலா பிஸ்கட்

சீனப் புத்தாண்டு நெருங்கும்போது பினாங்குக் கடைகளில் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் புட்டிகள் குவிந்துவிடும். அவற்றில் ஒரு வகை கட்டாயம் கச்சான் பிஸ்கட்டாக இருக்கும். வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த நிலக்கடலை, கோதுமை மாவு, பொடித்த சீனி, கொஞ்சம் உப்பு, பிசைவதற்குக் கடலை எண்ணெய், அவ்வளவுதான் சாமான். வெண்ணெய் கிடையாது. மாவுக்குள் முட்டையும் கிடையாது. மேலே பளபளப்புக்காகத் தடவும் மஞ்சள் கரு ஒன்றை விட்டுவிட்டால், விலங்கிலிருந்து வந்த பொருள் எதுவுமே அதில் இல்லை. முட்டையும் பாலும் இல்லாமல் பிஸ்கட் சுட முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊர் பல தலைமுறைகளாகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

வெனிலா பிஸ்கட்டுக்கு அந்த வசதி இல்லை. நிலக்கடலை தானே மணக்கும், தானே கொழுப்பும் தரும். சாக்லேட் பிஸ்கட்டில் கொக்கோ எல்லாக் குறையையும் மூடிவிடும். வெனிலா மென்மையான வாசனை. அடியில் இருக்கும் கொழுப்பு நன்றாக இல்லையென்றால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும். வீகன் பண்டிகைப் பலகாரங்களில் மிகக் கடினமானது எதுவென்று என்னைக் கேட்டால், பார்வைக்கு எளிமையான இந்த வெனிலா பிஸ்கட்டைத்தான் காட்டுவேன். எல்லோரும் முட்டைக்கு மாற்று தேடி அலைகிறார்கள். உண்மையில் சிக்கல் முட்டையில் இல்லை, வெண்ணெயில் இருக்கிறது. அதிலும் பினாங்கைப் போன்ற வெப்பமான, ஈரமான ஊரில் அந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது.

அதற்குள் போகுமுன், இப்படி ஒரு பிஸ்கட் கிறிஸ்துமஸுக்கு ஏன் வேண்டும் என்பதைப் பார்க்கலாம். ஜார்ஜ்டவுனில் மஸ்ஜித் கப்பித்தான் கெளிங் சாலையில் நடந்தால் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெளிங் பள்ளிவாசல் ஆகிய நான்கையும் சில நிமிட நடையில் கடந்துவிடலாம். இந்த நெருக்கம் சாலையோடு நிற்பதில்லை, வீட்டு வரவேற்பறைக்கும் வருகிறது. பண்டிகை நாளில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து நண்பர்களையும் அண்டை வீட்டாரையும் அழைப்பது மலேசிய வழக்கம். திறந்த இல்ல உபசரிப்பு என்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியர்களில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. ஆகவே ஒரு கிறிஸ்தவர் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களில் பலர் வேறு சமயத்தாராக இருப்பது இயல்பு.

டிசம்பர் மாதமோ விரதங்களின் மாதம். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டுக்கொண்ட ஐயப்ப பக்தர்களின் மண்டல விரதம் கிறிஸ்துமஸ் நாட்களை ஒட்டித்தான் முடியும். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ வரும் ஆண்டுகளில், பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டு 48 நாள் விரதமிருப்பவர்கள் அப்போது சைவத்துக்கு மாறியிருப்பார்கள். சீன பௌத்தர்களில் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி உணவே உண்பார்கள். ஆண்டு முழுதும் அப்படியே உண்பவர்களும் இங்கே நிறைய. முஸ்லிம் நண்பர்களுக்குப் பன்றிக் கொழுப்பும் மதுவும் ஆகாது. இவற்றோடு, பாலே வேண்டாம் என்று முடிவெடுத்த இளைஞர்களும் பால் செரிக்காதவர்களும் உண்டு. விரதக்காரர்களுக்கு முட்டையில்லாத நெய் பிஸ்கட் போதும், ஏற்றுக்கொள்வார்கள். பாலையும் தவிர்ப்பவருக்கு அதுவும் ஆகாது. முட்டை, பால், மது, விலங்குக் கொழுப்பு நான்கும் இல்லாத பிஸ்கட் ஒரு தட்டில் இருந்தால், வந்தவர் யாராயினும் அந்தத் தட்டை நீட்ட முடிகிறது. விருந்தினர் ஒவ்வொருவராக, இதில் என்ன போட்டிருக்கிறது என்று தயங்கிக் கேட்கும் சங்கடம் குறைகிறது. இது சிறிய காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிறிஸ்துமஸ் பலகாரத்தில் முட்டையையும் வெண்ணெயையும் விடுவது மரபுக்கு விரோதம் என்று சிலர் நினைக்கிறார்கள். மரபு வேறு மாதிரி சொல்கிறது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் டிசம்பர் முதல் நாள் தொடங்கும் இருபத்தைந்து நோன்பு உண்டு. இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் அப்போது விலக்குவது பழைய முறை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் ஜனவரி 7-இல் வரும் தங்கள் கிறிஸ்துமஸுக்கு முன் 43 நாள் இதே கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் ரொட்டியான ஸ்டோலன், திருவருகைக் கால நோன்பு காரணமாக, மாவும் தண்ணீரும் எண்ணெயும் கொண்டே சுடப்பட்டது. எண்ணெய் விலை அதிகம், சுவையும் போதவில்லை என்று சாக்சனி நாட்டார் முறையிட்டதன் பேரில் 1491-இல் திருத்தந்தை எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய் சேர்க்க அனுமதி கொடுத்தார். வெண்ணெய் ததும்பும் கிறிஸ்துமஸ் பலகாரம் இந்த வரலாற்றில் பின்னால் வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களின் பலகாரங்களையே பாருங்கள். நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்து பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் அரிசி மாவுக் கரைசலில் தோய்ந்து எண்ணெயில் பொரிவது, தொடக்கத்திலிருந்தே வீகன். தூத்துக்குடி மக்ரூன் அதற்கு நேரெதிர். முட்டை வெள்ளைக் கருவின் நுரையை எடுத்துவிட்டால் அங்கே பலகாரமே மிஞ்சாது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். முட்டை எங்கே அடித்தளமாக இருக்கிறது, எங்கே வெறும் துணையாக இருக்கிறது என்று பிரித்தறிந்துவிட்டால் மாற்றுவது எளிது.

வெனிலா பிஸ்கட்டில் முட்டை துணைதான். ஓடு நீக்கிய ஒரு முட்டை ஏறத்தாழ 50 கிராம். அதில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். மீதியில் புரதம் ஆறு கிராம் போல, கொழுப்பு ஐந்து கிராம் போல. தண்ணீர் மாவை ஒன்றுசேர்க்கிறது. புரதம் சூட்டில் உறைந்து வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறது. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின் எண்ணெயும் நீரும் பிரியாமல் காக்கிறது. கேக் என்றால் இந்த மூன்றும் இன்றியமையாதவை. தட்டையாக, மொறுமொறுப்பாக வேண்டிய பிஸ்கட்டில் மாவிலுள்ள குளூட்டன் என்ற பசைப்புரதமும் ஸ்டார்ச்சும் வடிவத்தைத் தாங்கிக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் ஷார்ட்பிரெட்டில் முட்டையே கிடையாது. நம் தீபாவளி நெய் பிஸ்கட்டிலும் கிடையாது. எனவே ஆளிவிதைக் கூழ், வாழைப்பழம், கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் என்று இணையத்தில் வரிசையாகச் சொல்லப்படும் மாற்றுகள் இங்கே தேவையில்லை. வாழைப்பழம் போட்டால் பிஸ்கட் பஞ்சுபோல் ஆகும், வெனிலா மணமும் அதில் அமிழ்ந்துவிடும். இரண்டு மூன்று தேக்கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் போதும். ஈரமும் கொஞ்சம் கொழுப்பும் அதிலேயே வந்துவிடுகின்றன.

இனி வெண்ணெய். அது வெறும் கொழுப்பு அன்று. நூற்றுக்கு 80 முதல் 82 பங்கு கொழுப்பு, 16 பங்கு தண்ணீர், மீதி பால் திடப்பொருள். அந்தக் கொழுப்பு ஒரே வெப்பநிலையில் சட்டென்று உருகுவதில்லை. குளிரில் கெட்டியாக இருந்து, 18, 20 பாகையில் மெழுகுபோல் வளைந்து கொடுத்து, 32-லிருந்து 35 பாகைக்குள் முழுதும் உருகுகிறது. இடையில் உள்ள அந்த வளையும் நிலைதான் பிஸ்கட் சுடுபவருக்கு முக்கியம். அப்போது சீனியோடு சேர்த்து அடித்தால் சீனிப் பரல்கள் கொழுப்பைக் கீறிக் காற்றை உள்ளே அடைக்கும். ஓவனில் அந்தக் காற்றுக் குமிழ்கள் விரிந்து பிஸ்கட்டை லேசாக்கும். கொழுப்பு மாவுத் துகள்களைச் சுற்றிப் போர்த்திக்கொள்வதால் பசைப்புரதம் நீளமாகப் பின்னாது. வாயில் பொடிந்து கரையும் தன்மை அதனால் வருவது.

குளிர்நாட்டுச் சமையல் குறிப்புகள் வெண்ணெய்க்குப் பதில் கெட்டியான தேங்காய் எண்ணெயை அதே அளவு எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. லண்டன் சமையலறையில் தேங்காய் எண்ணெய் கெட்டியாகத்தான் இருக்கும். அது 24, 25 பாகையில் உருகிவிடும் பொருள். பினாங்கில் டிசம்பர் மாத விடியற்காலையில்கூட வெப்பம் ஏறக்குறைய அந்த அளவில்தான் நிற்கும், நண்பகலில் 31, 32-ஐத் தொடும். இங்கே தேங்காய் எண்ணெய் எப்போதும் திரவம். அந்தக் குறிப்பை அப்படியே பின்பற்றினால் எண்ணெய் மாவில் முழுக்க ஊறி, பிசைந்த உருண்டை பளபளவென்று கசியும், தட்டில் பரவி ஒன்றோடொன்று ஒட்டும், ஆறியதும் மணல்போல் உதிரும். அளவிலும் பிழை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் முழுக்கக் கொழுப்பு, வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு. அளவைக் குறைத்து, குறைந்த இடத்தில் நீர்ச்சத்தைச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு குணமும் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு அந்த வளையும் நிலை மிகக் குறுகியது. குளிர்பெட்டியில் கொஞ்சம் அதிகநேரம் வைத்தால் கல்லாகிறது, வெளியே எடுத்தால் சற்று நேரத்தில் நீராகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உறைந்த நெய்யின் பதம் ஒன்று வரும். கரண்டியால் கிளறினால் மணல் மணலாக, வெண்மையாக, ஒழுகாமல் நிற்கும். அதுதான் நமக்கு வேண்டியது. எண்ணெயை அகலக் கிண்ணத்தில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் அந்தப் பதத்தைப் பிடிக்கலாம். நெய் காய்ச்சிப் பழகிய நம் வீட்டுக் கைகளுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, கண்ணே சொல்லிவிடும்.

மார்ஜரினை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். எடுத்துக்கொள்ளலாம், வேலை எளிதாகும். மலேசிய மார்ஜரின் பெரும்பாலும் செம்பனை எண்ணெயில் செய்வது. செம்பனையின் கெட்டிப் பகுதி நம் அறை வெப்பத்திலும் உருகாமல் தாக்குப்பிடிக்கும், வளையும் நிலையும் அகலமானது. ஆனால் மார்ஜரின் என்றாலே வீகன் என்று நம்பிவிடக் கூடாது. 1869-இல் பிரான்சில் இப்போலித் மேஜ்-மூரியே அதை முதன்முதலில் உருவாக்கியது மாட்டுக் கொழுப்பிலிருந்து. இன்றும் பல வகைகளில் பால் பொடியோ மோர்ச் சத்தோ சேர்க்கிறார்கள். சிலவற்றில் சேரும் டி3 வைட்டமின் ஆட்டு ரோம மெழுகிலிருந்து எடுப்பது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

செம்பனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் ஆன்றி ஃபோகோனியே மலாயாவில் வணிக அளவில் முதலில் நட்ட பயிர் இது. அதன் வளர்ச்சியில் தோட்டத் தமிழர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. காடழிப்பின் பெயரால் அதை மறுக்கும் வீகன்களும் இருக்கிறார்கள், அவர்கள் கவலையில் நியாயம் உண்டு. மலேசியா 2020 முதல் நிலைத்த உற்பத்திக்கான சான்றிதழைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தப் பிஸ்கட்டுக்கு நான் தேங்காய் எண்ணெயைத் தேர்வதற்குக் காரணம் வேறு. மார்ஜரின் அண்ணத்தில் மெழுகுபோல் ஒரு படலத்தை விட்டுச்செல்கிறது. தேங்காய் எண்ணெய் உடல் சூட்டில் முழுதும் உருகிவிடுவதால் நாக்கு சுத்தமாகி, வெனிலா தனியாகத் தெரிகிறது. அதிலும் மணம் நீக்கிச் சுத்திகரித்த எண்ணெய்தான் வேண்டும். செக்கில் ஆட்டியதும் பச்சைத் தேங்காயில் எடுத்ததும் சமையலுக்கு அருமையானவை, ஆனால் இங்கே அவை வெனிலாவை விழுங்கிவிடும்.

வெண்ணெய் போனதால் இழக்கும் இன்னொன்று, அந்தப் பொன்னிறமும் அதோடு வரும் வறுத்த வாசனையும். பாலின் புரதமும் லாக்டோஸ் சர்க்கரையும் சூட்டில் கூடி உண்டாக்குவது அது. வெள்ளைச் சீனி தானாக அந்த வினையில் சேராது. எண்ணெயில் செய்த பிஸ்கட் வெளிறிப்போய், மாவு மணத்தோடு நிற்பதன் காரணம் இதுவே. இதற்கான தீர்வைப் பக்கத்து வீட்டு அடுப்படியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். குவே பங்கிட் என்ற வாயில் கரையும் பிஸ்கட்டைச் சுடுபவர்கள் மரவள்ளி மாவை வாணலியில் பாண்டான் இலையோடு சேர்த்து, இலை சருகாகும் வரை வறுப்பார்கள். மாவின் ஈரம் போகிறது, இலையின் மணம் ஏறுகிறது. நமது கோதுமை மாவில் ஒரு பங்கை மட்டும் சிறு தீயில் இப்படி வறுத்து ஆறவைத்துச் சேர்த்தால், வெண்ணெய் தரும் வறுத்த மணத்தில் பாதியையாவது மீட்டுவிடலாம். முழு மாவையும் வறுத்தால் பிஸ்கட் ஒட்டாமல் உடையும். கூலா மலாக்கா என்ற பனைவகைச் சர்க்கரையின் பாகை ஒரு தேக்கரண்டி சேர்ப்பதும் நிறத்துக்கு உதவும். பனைவகைச் சர்க்கரைகளில் நிறம் தரும் எளிய சர்க்கரைகள் கொஞ்சம் கலந்தே இருக்கும்.

பாண்டான் இலையை ஈழத்தார் ரம்பை என்பார்கள். கிழக்கின் வெனிலா என்று அதற்கு ஒரு பெயர் வழங்குகிறது. வாசனையின் உள்ளமைப்பு வேறு. பாண்டானை மணக்கவைக்கும் பொருள்தான் பாசுமதி அரிசியையும் மணக்கவைக்கிறது. வெனிலாவின் முதன்மையான பொருள் வெனிலின். இரண்டும் அருகருகே இணக்கமாக நிற்கும், ஆனால் இலையைச் சாறாகப் பிழிந்து ஊற்றினால் பச்சை வாசனை மேலோங்கும். வறுக்கும் மாவில் மட்டும் அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

வெனிலா மெக்சிகோவின் ஆர்க்கிட் கொடி ஒன்றின் காய். பூ ஒருநாள் காலை மட்டும் விரிந்திருக்கும். பிறந்த மண்ணுக்கு வெளியே அது தானாகக் காய்க்கவில்லை. 1836-இல் பெல்ஜியத்தில் சார்ல் மோரன் கையால் மகரந்தம் சேர்த்துக் காட்டினார், ஆனால் தோட்டத்துக்கு ஏற்ற எளிய முறை கிடைத்தது 1841-இல், ரீயூனியன் தீவில். கண்டுபிடித்தவன் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். ஒரு மெல்லிய குச்சியும் கட்டைவிரலும் போதும் என்று அவன் காட்டிய முறையில்தான் இன்றும் மடகாஸ்கர் முதல் பொள்ளாச்சி வரை ஒவ்வொரு பூவாகக் கையால் சேர்க்கிறார்கள். உலகத்துக்கே வெனிலாவைத் தந்தவன் வறுமையில் இறந்தான். டிசம்பர் மாதத்தில் வெனிலா மணக்கும் வீடுகளில் அவன் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

காய் முற்ற எட்டு ஒன்பது மாதம். பிறகு வெந்நீரில் அமிழ்த்தி, கம்பளியில் சுற்றி வியர்க்கவைத்து, வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி உலர்த்த இன்னும் சில மாதம். பச்சைக் காயில் வாசனை கிடையாது, இந்தப் பதப்படுத்தலில்தான் அது பிறக்கிறது. அதனால் விலை எப்போதும் உயரத்தில், ஒரு புயல் அடித்தால் இன்னும் உயரத்தில். 2000-ஆம் ஆண்டு மடகாஸ்கரைப் புயல் தாக்கிய பின் ஏறிய விலையைப் பார்த்துத் தென்னிந்திய விவசாயிகள் பலர் வெனிலா நட்டு, சில ஆண்டுகளில் விலை சரிந்தபோது பெரும் நட்டம் அடைந்ததை நம்மில் பலர் அறிவோம்.

வெனிலின் மட்டும் தனியாக வேண்டுமென்றால் அது எளிது. 1874-இல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் ஊசியிலை மரச் சாற்றிலிருந்து கிடைத்த ஒரு பொருளிலிருந்து அதைச் செய்துவிட்டார்கள். கடையில் வாங்கும் மலிவான எசன்ஸில் இருப்பது செயற்கை வெனிலின்தான். அதை இழிவாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். நல்ல காயில் வெனிலினோடு இருநூறுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் மெல்லிய பிஸ்கட் கால்மணி நேரம் சூட்டில் நிற்கும்போது அவற்றில் நுண்ணியவை ஆவியாகிப் போய்விடுகின்றன. காய் வாங்க முடிந்தவர்கள் விதைகளைச் சுரண்டிச் சீனியில் கலந்து சில நாள் மூடி வைக்கட்டும், ருசி தெரியும். முடியாதவர்கள் எசன்ஸிலேயே நல்ல பிஸ்கட் சுடலாம். கவனிக்க வேண்டியது வேறொன்று. அமெரிக்க விதிப்படி வெனிலா சாறு என்று விற்கப்படுவதில் குறைந்தது 35 விழுக்காடு ஆல்கஹால் இருக்கும். முஸ்லிம் நண்பர்களும் சாப்பிடப் போகும் தட்டு என்றால் ஹலால் முத்திரை உள்ள எசன்ஸையோ வெனிலா பொடியையோ எடுங்கள். எதை எடுத்தாலும் மாவில் கடைசியாக ஊற்றாமல் முதலிலேயே கொழுப்பில் கலக்க வேண்டும். வெனிலின் கொழுப்பில் கரையக்கூடியது. எண்ணெய் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தேங்காய்ப்பாலிலும் ஓர் எச்சரிக்கை. சவ்ராஸ்தா சந்தையில் துருவிப் பிழிந்து தரும் சந்தானில் கவலையில்லை. பெட்டியில் வருவதைப் படித்துப் பார்த்து வாங்கலாம். பொடியாக வருவதில் மட்டும் மிகக் கவனம் வேண்டும், பல தேங்காய்ப்பால் பொடிகளில் கட்டியாகாமல் இருக்கப் பாலின் கேசின் புரதத்தைச் சேர்க்கிறார்கள்.

சீனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்த் தொழிலாளர்கள் இந்தப் பக்கம் கூட்டம் கூட்டமாக வந்தது முதலில் ரப்பருக்காக அல்ல, கரும்புக்காக. ஜலசந்திக்கு அப்பால், அன்று வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறை நிலப்பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். இன்று அங்கே கரும்பு இல்லை, பிறையில் சீனி ஆலை இருக்கிறது. பிஸ்கட்டுக்கு அந்தச் சீனியை மிக்சியில் பொடித்துக்கொண்டால் போதும்.

சாமான்களைச் சொல்கிறேன். கோதுமை மாவு, அதாவது மைதா, 240 கிராம், அதில் 60 கிராமைப் பாண்டான் இலையோடு வறுத்து ஆறவைத்தது. சோள மாவு 30 கிராம். பொடித்த சீனி 90 கிராம். மணம் நீக்கிய தேங்காய் எண்ணெய் 130 கிராம். கெட்டித் தேங்காய்ப்பால் 30 முதல் 35 மில்லி. வெனிலா எசன்ஸ் இரண்டு தேக்கரண்டி. உப்பு கால் தேக்கரண்டிக்குச் சற்று மேல், குறைக்க வேண்டாம், வெனிலாவை எழுப்புவது உப்புதான். பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி.

நெய்ப்பதத்துக்கு உறைந்த எண்ணெயில் சீனி, உப்பு, வெனிலா மூன்றையும் போட்டு மரக்கரண்டியால் வெண்மையாக வரும்வரை குழைக்கவும். தேங்காய்ப்பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு, ஒவ்வொரு முறையும் முழுதும் கலந்தபின் அடுத்ததை விட வேண்டும். மொத்தமாக ஊற்றினால் திரிந்ததுபோல் பிரிந்து நிற்கும். பிறகு பேக்கிங் பவுடரோடு சலித்த மாவு வகைகளைச் சேர்த்து, கையால் பிசையாமல், ஒன்றுசேரும்வரை மட்டும் அழுத்தவும். நம் உள்ளங்கைச் சூடே எண்ணெயை உருக்கப் போதும்.

அடுத்த படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மாவை உருண்டையாகக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு உருட்டலாம் என்பது வெண்ணெய்க்குச் சரி. தேங்காய் எண்ணெய் மாவு அப்படி வைத்தால் பாறையாகி, கட்டையால் அழுத்தினால் வெடிக்கும். இளகிய நிலையிலேயே இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து அரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துவிட்டு, தட்டையாகவே குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வையுங்கள். எடுத்தவுடன் நட்சத்திரமோ மணியோ அச்சில் வெட்டி, தட்டில் அடுக்கி, இன்னொரு பத்து நிமிடம் குளிரவிட்டு, 160 பாகையில் முன்பே சூடேறிய ஓவனில் 15 முதல் 18 நிமிடம் சுடவும். ஓரம் மட்டும் லேசாகப் பொன்னிறமானால் போதும். ஐந்து சென்டிமீட்டர் அச்சு என்றால் 40 பிஸ்கட் வரை கிடைக்கும். சூடாக இருக்கும்போது தொட்டால் உடைந்துவிடும், தட்டிலேயே பத்து நிமிடம் ஆறட்டும்.

மேல் பளபளப்பு வேண்டுமென்றால் மஞ்சள் கருவுக்குப் பதில் தேங்காய்ப்பாலில் கொஞ்சம் கூலா மலாக்கா கரைத்துத் தடவலாம். பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் பகுதி ஜாதிக்காயை ஒரு சிட்டிகை துருவிப் போடுவதும் எனக்குப் பிடிக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி 1790-களில் மலுக்குத் தீவுகளிலிருந்து கன்றுகள் கொண்டுவந்து தொடங்கிய சாகுபடி அது. 1860 வாக்கில் நோய் தாக்கிப் பெருந்தோட்டங்கள் அழிந்தும், மலைச்சரிவுகளில் சின்னத் தோப்புகளாக இன்றும் நிற்கிறது. ஐரோப்பியக் கிறிஸ்துமஸ் பலகாரங்களில் ஜாதிக்காய் வாசம் இருக்கும், இங்கே அது சொந்த ஊர்ச் சரக்கு. ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் வெனிலா ஒதுங்கிவிடும்.

பினாங்குக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதை ஒட்டி நிற்கும். திறந்து வைத்த பிஸ்கட் மாலைக்குள் நமுத்துவிடும். முழுதும் ஆறிய பிறகே புட்டியில் அடைக்க வேண்டும், சிறிது வெதுவெதுப்பு இருந்தாலும் உள்ளே ஆவி படிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். மூடியைச் சுற்றிச் செலோடேப் ஒட்டும் இவ்வூர்ப் பழக்கம் வெறும் அழகுக்காக அல்ல. அப்படி அடைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்புக் குறையாது, ஆகவே டிசம்பர் 12-க்குப் பிறகு சுட்டால் கிறிஸ்துமஸுக்குச் சரியாக இருக்கும். ஒட்டும்போதே ஒரு சின்னச் சீட்டில் சாமான்களை எழுதிப் புட்டியில் ஒட்டிவிடுங்கள், கோதுமையும் தேங்காயும் ஆகாதவர்களுக்கும் அது உதவும். மிஞ்சிய மாவை நீள உருளையாகச் சுருட்டி உறைபெட்டியில் வைக்கலாம். ஜனவரியில் மூன்று அரசர்கள் திருநாளுக்கு எடுத்து, பத்து நிமிடம் வெளியே இளகவிட்டு, கூரிய கத்தியால் வில்லைகளாக வெட்டிச் சுட வேண்டியதுதான்.